எக்ஸிமா இருக்குற குழந்தைய மண்ணுல விளையாட விடலாமா? விடுறதுன்னா எப்படி விடணும்

என் பையனுக்கு ஏழாவது மாசத்துல கன்னத்துல செவப்பா ஆரம்பிச்சது, ஒரு வயசு முடியறதுக்குள்ள முழங்கை மடிப்பு, முட்டிக்கு பின்னாடி, கழுத்துன்னு எல்லா மடிப்புலயும் பரவிருச்சு. தூக்கத்துலயே சொறிஞ்சு சொறிஞ்சு காலைல பெட்ஷீட்ல சின்னச்சின்னதா ரத்தப்பொட்டு இருக்கும், அதைப் பாத்துட்டு ஆபீஸ்க்கு போற நாள் எவ்வளவு கொடுமைன்னு இது இருக்குற வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். டாக்டர் எக்ஸிமான்னு சொன்னாங்க, பையனோட அம்மிச்சி, அதாவது எங்கம்மா, கரப்பான்னு சொன்னாங்க.

அப்ப எனக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அட்வைஸ் வந்துச்சு. அபார்ட்மென்ட்ல எல்லாரும் மண்ணு பக்கமே விடாதீங்க இன்ஃபெக்ஷன் ஆயிடும்னாங்க. அம்மா நேர் எதிரா, மண்ணு பட்டாத்தான் சாமி உடம்பு கெட்டிப்படும், நீ பொத்திப் பொத்தி வளக்கறதுனாலதான் இப்படி ஆகுதுன்னாங்க. நான் ரெண்டையும் செஞ்சு பாத்தேன், ரெண்டுமே தப்பா போச்சு. முதல் ஒன்றரை வருஷம் தரைய ரெண்டு வேளை ஃபுளோர் கிளீனர் போட்டு துடைச்சு, குளிக்கிற தண்ணில ஆன்டிசெப்டிக் ஊத்தி குளிப்பாட்டுனேன், தோல் இன்னும் வறண்டு பாளம் பாளமா வெடிச்சதுதான் மிச்சம். அப்புறம் ஒரு கோடை லீவுல வெறுத்துப்போய் உடுமலை பக்கத்துல இருக்குற எங்க தோட்டத்துக்கு கூட்டிட்டு போய், தோல் செக்கச்செவேல்னு வெடிச்சு இருந்த நேரத்துலயே வாய்க்கா மண்ணுல புரள விட்டேன். மூணாம் நாள் முழங்கை மடிப்புல மஞ்சளா பொருக்கு கட்டி, நீர் வடிஞ்சு, ஜுரமும் வந்து ஆன்டிபயாடிக் வரைக்கும் போயிருச்சு.

இப்ப அவனுக்கு நாலரை வயசு, வாரத்துல அஞ்சு நாள் மண்ணுல விளையாடறான், தோலும் பெரும்பாலும் அடங்கி இருக்கு. நடுவுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல தோலை மூடணும், அப்புறம்தான் மண்ணு. இந்த வரிசை மாறுனா நல்ல மண்ணும் கெடுதல் பண்ணும். அந்த வரிசையத்தான் கீழ விவரமா எழுதறேன், இது டாக்டருக்கு பதில் இல்ல, டாக்டர் குடுத்த வைத்தியத்தோட சேத்து வீட்ல செய்யறது.

மண்ணுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல பாத்துருவோம், ஏன்னா இது தெரிஞ்சாத்தான் எதை எதிர்பாக்கலாம் எதை எதிர்பாக்கக்கூடாதுன்னு புரியும். 1989ல டேவிட் ஸ்ட்ராச்சன்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், 1958ல பொறந்த 17,414 பேரோட விவரத்தை வெச்சு பாத்தப்ப, வீட்ல அண்ணன் அக்கா நிறைய இருக்குற குழந்தைங்களுக்கு மூக்கு அலர்ஜி கம்மியா இருந்துச்சு, முதல் வயசுல வர்ற எக்ஸிமாவும் அப்படித்தான். கூட்டத்துல வளர்ற குழந்தைக்கு சின்ன வயசுலயே கிருமி அதிகமா படுது, அதனால இருக்கலாம்னு அவர் சொன்னதுதான் பின்னாடி ஹைஜீன் ஹைப்போதிசிஸ், அதாவது சுத்தம் பத்தின கருதுகோள்னு பேர் வாங்குச்சு. அந்த பேர்னாலயே நிறைய பேர் அழுக்கா இருந்தா நல்லதுன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. அதனாலதான் கிரஹாம் ரூக்னு இன்னொருத்தர் 2003ல பழைய சிநேகிதர்கள்னு வேற பேர் வெச்சாரு. அதாவது வயித்துப்போக்கும் சளிக்காய்ச்சலும் வந்தா நல்லதுன்னு இல்ல, மனுஷன் காலங்காலமா கூடவே வாழ்ந்த மண்ணு, செடி, ஆடுமாடு இதுல இருக்குற தீங்கில்லாத நுண்ணுயிருங்க நம்ம எதிர்ப்பு சக்திக்கு எதை அடிக்கணும் எதை விட்டுடணும்னு பழக்கி விடுது, அதுங்க நம்ம வாழ்க்கைலேர்ந்து போனதுதான் பிரச்சனை.

இதை கையில புடிச்சு பாத்தது ஃபின்லாந்துக்காரங்கதான். 2012ல கிழக்கு ஃபின்லாந்துல 118 டீனேஜ் பசங்களைப் பாத்தாங்க. வீட்டை சுத்தி காடும் விதவிதமான செடியும் கம்மியா இருந்த பசங்களுக்கு அலர்ஜிக்கான உணர்திறன் அதிகமா இருந்துச்சு, அவங்க தோல்ல இருந்த பாக்டீரியா வகைகளும் கம்மி. அடுத்து அகி சிங்கோனென் குழு லாஹ்தி, தம்பெரே ஊர்கள்ல டேகேர் முற்றத்தையே மாத்திட்டாங்க. வெறும் ஜல்லியா கிடந்த இடத்துல காட்டுத்தரையை அப்படியே பெயர்த்து கொண்டுவந்து விரிச்சு, புல்தரை போட்டு, செடி நட தொட்டியும் வெச்சாங்க. 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் 75 குழந்தைங்க, 28 நாள். அவ்வளவு சின்ன காலத்துலயே தோல்ல பாக்டீரியா வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சிய அடக்குற பக்கம் தராசு சாஞ்சுச்சு. இது 2020ல வந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மணல்தொட்டில ஒரு பகுதி குழந்தைங்களுக்கு நுண்ணுயிர் நிறைஞ்ச மண்ணும் இன்னொரு பகுதி குழந்தைங்களுக்கு பாக்க அதே மாதிரி இருக்குற சாதா மண்ணும் குடுத்து பாத்தப்பவும் ஏறக்குறைய அதே திசைலதான் முடிவு வந்துச்சு.

ஆனா இங்க நிதானமா ஒண்ணு படிங்க. அந்த டேகேர் ஆராய்ச்சில எக்ஸிமா குறைஞ்சதுன்னு யாரும் காட்டல, அவங்க அளந்தது தோல்ல இருக்குற பாக்டீரியாவையும் ரத்தத்துல இருக்குற சில புரதங்களையும்தான். பண்ணை வீட்ல வளர்ற குழந்தைங்களைப் பத்தின ஆராய்ச்சிலயும் ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி குறையுதுங்கறது பலமா இருக்கு, எக்ஸிமாவுக்கு அவ்வளவு தெளிவா இல்ல, சிலதுல குறையுது சிலதுல வித்தியாசமே இல்ல. அதனால ஏற்கனவே எக்ஸிமா வந்துட்ட குழந்தைய மண்ணு குணப்படுத்தும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. நான் பையனை மண்ணுல விடறதுக்கு காரணம், அவன் எதிர்ப்பு சக்தி பழகுறதுக்கு வாய்ப்பு குடுக்கணும், அதோட அவனும் ஒரு குழந்தை, மத்த பசங்க விளையாடறப்ப ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருக்கக்கூடாது.

இப்ப தோல். எக்ஸிமா குழந்தைங்க நிறைய பேருக்கு தோலோட மேல் அடுக்கை இறுக்கிப் புடிக்கிற ஃபிலாக்ரின்ங்கற புரதம் சரியா இருக்காது. இந்த ஜீன்ல வர்ற கோளாறு எக்ஸிமாவுக்கு பெரிய காரணம்னு 2006ல ஸ்காட்லாந்து டண்டீல இருக்குற ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. செங்கல் சுவத்துல சிமென்ட் உதிர்ந்தா எப்படி இருக்கும், ஈரம் வெளிய போகும், வெளில இருக்குறது உள்ள வரும், அதே கதைதான். அந்த வெடிப்புல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா வந்து பட்டா போட்டுக்கும், மத்த வகைங்களை ஓரங்கட்டிரும். 2012ல அமெரிக்காவுல 12 குழந்தைங்களை தொடர்ந்து கவனிச்சதுல, எக்ஸிமா கிளம்புற நேரத்துல இந்த ஒரு பாக்டீரியா ஏறி மத்த வகைகள் சரிஞ்சது, க்ரீம் போட்டு வைத்தியம் பண்ணி அடங்குனதும் பலவகை திரும்பி வந்துருச்சு. எனக்கு இதைப் படிச்சப்பதான் கண்ணு தொறந்துச்சு. தோல்ல நல்ல நுண்ணுயிர் குடியிருக்கணும்னா அதுக்கு முதல் வழியே எக்ஸிமாவ அடக்குறதுதான், வெடிச்ச தோல்ல மண்ணைத் தேய்க்கிறது இல்ல.

அதனால முதல் வேலை, மண்ணுக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது தோல் அமைதியா இருக்கணும். தடவிப் பாத்தா சொரசொரப்பு இல்லாம, புண்ணு வெடிப்பு இல்லாம, ராத்திரி சொறியாம தூங்குற நிலைமை. அதுக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதி குடுத்தா பயந்துக்கிட்டு கடுகளவு தொட்டு வெக்காதீங்க. பெரியவங்க ஆள்காட்டி விரலோட கடைசி கணு நீளத்துக்கு ட்யூப்லேர்ந்து பிதுக்கினா அது சுமார் அரை கிராம், பெரியவங்க ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். எத்தனை நாள், எந்த ஸ்ட்ரென்த், முகத்துக்கு எதுங்கறதெல்லாம் டாக்டர் சொல்றபடி. மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்குற காம்பினேஷன் க்ரீம், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஸ்டீராய்டுக்கும் சேந்து ஒரே ட்யூப்ல வர்றது, அது வேண்டவே வேண்டாம்.

மாய்ஸ்சரைசர் விஷயத்துல நம்மாளுங்க எல்லாருமே கம்மியாத்தான் போடறோம். பிரிட்டன்ல நைஸ்னு சொல்ற அரசு அமைப்போட வழிகாட்டுதல் குழந்தைக்கு வாரத்துக்கு 250லேர்ந்து 500 கிராம் வரைக்கும்னு சொல்லுது. நான் மாசத்துக்கு 100 கிராம் ட்யூப் ஒண்ணை ஓட்டிட்டு இருந்தேன். வாசனை இல்லாததா, பெரிய பம்ப் பாட்டிலா வாங்குங்க, விலை பாத்தா விளம்பரத்துல வர்றதை விட சாதா பாராஃபின் கலந்த க்ரீம் ரொம்ப சீப். தேங்கா எண்ணெயும் கைகொடுக்கும், ஃபிலிப்பைன்ஸ்ல 2014ல 117 குழந்தைங்களுக்கு எட்டு வாரம் போட்டு பாத்ததுல வெர்ஜின் தேங்கா எண்ணெய் மினரல் ஆயிலை விட நல்லா வேலை செஞ்சுச்சு. கடுகெண்ணெய், ஆலிவ் ஆயில் ரெண்டும் தோலோட தடுப்பை கெடுக்கும், தவிர்த்துருங்க. கடலை மாவு, பயத்த மாவு போட்டு தேச்சு குளிப்பாட்டுறதையும் இந்த குழந்தைங்களுக்கு நிறுத்திருங்க, அந்த சொரசொரப்பே புண்ணு பண்ணும், அதோட வெடிச்ச தோல் வழியா சாப்பாட்டுப் பொருள் உள்ள போனா உடம்பு அதை எதிரின்னு பழகிக்கும்ங்கறது கிடியன் லேக்ங்கற டாக்டரோட கருத்து. அவரோட குழுதான் கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 பச்சக்குழந்தைங்கள்ல பாதிப்பேருக்கு 4லேர்ந்து 11 மாசத்துக்குள்ள வேர்க்கடலைய வாய் வழியா குடுக்க ஆரம்பிச்சு, வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறையுதுன்னு 2015ல காட்டுனது. அதனால கரப்பான் பண்டம்னு சொல்லி கத்திரிக்கா, மீன், முட்டை, கடலைன்னு வரிசையா நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்குங்க, என் பையனுக்கு ஆறு மாசம் முட்டைய நிறுத்தி எடை குறைஞ்சதுதான் நடந்துச்சு.

தோல் அடங்கிருச்சுன்னா அடுத்தது மண்ணு. தெருவோர மண்ணு, கட்டட வேலை நடக்குற இடத்து மணல், எம்சாண்ட் எதுவுமே வேண்டாம். சிமென்ட் தூள் கலந்திருந்தா தோலை அரிக்கும், எம்சாண்ட் கூர்கூரா இருந்து ராவி விட்டுரும். பார்க்ல இருக்குற மணல்ல நாயும் பூனையும் கழிச்சிருக்கும், அதுலேர்ந்து புழு முட்டை வரும். நான் பால்கனில ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டி வெச்சிருக்கேன், மூணடிக்கு ரெண்டடி, அடில தண்ணி வடிய ஓட்டை போட்டது. தோட்டத்துலேர்ந்து கொண்டுவந்த செம்மண்ணு ரெண்டு பங்கு, நல்லா மக்குன தொழு உரம் ஒரு பங்கு, கழுவுன தேங்கா நார்க்கழிவு ஒரு பங்கு, மேல ரெண்டு கை காஞ்ச வேப்பிலை, புங்க இலை. நல்லா மக்குனதுன்னா சாணி வாசம் சுத்தமா போய் மழை பேஞ்ச மண்ணு வாசம் வரணும், கையில எடுத்தா பொலபொலன்னு உதிரணும். பச்சை சாணி கூடவே கூடாது. பூச்சிமருந்து அடிச்ச வயக்காட்டு மண்ணும் எடுக்காதீங்க.

அதுல ஒரு ஓரத்துல வெந்தயமும் கொத்தமல்லியும் விதைச்சு விட்டிருக்கோம். செடி வேர் இருக்குற மண்ணு உயிரோட இருக்கும், வெறும் மண்ணை விட அதுல நுண்ணுயிர் வகை அதிகம். அவனே விதை போட்டு, அவனே தண்ணி ஊத்தி, அஞ்சாம் நாள் வெந்தயம் தலை காட்டுனப்ப அவன் குதிச்ச குதி இருக்கே, அதுக்காகவே இதை செய்யலாம். மண்ணு எப்பவும் லேசா ஈரமா இருக்கணும், காஞ்சு தூசியா பறந்தா மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. விளையாடாத நேரம் மேல வலை போட்டு மூடிருங்க, பூனையும் புறாவும் உள்ள வரக்கூடாது.

வெளி இடத்துல விடுறதா இருந்தா ரெண்டு செடிய கண்டுபிடிக்க கத்துக்குங்க. ஒண்ணு பார்த்தீனியம், காலி மனைங்கள்ல வெள்ளை வெள்ளையா பொடிப்பூ பூத்து நிக்குமே அது, அதோட தூள் காத்துல பட்டாலே தோல் அரிப்பு வரும், எக்ஸிமா தோலுக்கு கேக்கவே வேண்டாம். இன்னொண்ணு முருங்கை, மரத்தால பிரச்சனை இல்ல, மழை சீசன்ல அதுல அப்பிக் கிடக்குற கம்பளிப்பூச்சியோட முடிதான் பிரச்சனை. புல்லு சில குழந்தைக்கு ஒத்துக்காது, முட்டிக்கு கீழ மட்டும் தடிச்சா புல்லைத்தான் சந்தேகப்படணும்.

விளையாட்டு நாள் எங்க வீட்ல இப்படித்தான் போகும். சாயங்காலம் நாலரைக்கு மேல, வெயில் இறங்குனதும். நம்ம ஊர்ல எக்ஸிமாவ கிளப்புறது மண்ணை விட வேர்வைதான், மதியம் பன்னண்டு மணிக்கு விட்டுட்டு மண்ணு ஒத்துக்கலன்னு சொல்லக்கூடாது. அரைமணி நேரம் முன்னாடியே கை கால் கழுத்து எல்லாம் மாய்ஸ்சரைசர் போட்டு உள்ள இழுத்துக்க விட்டுருவேன், போட்ட உடனே விட்டா பிசுபிசுன்னு மண்ணு அப்பிக்கும். நகம் ஒட்ட வெட்டியிருக்கணும். லூசான காட்டன் டிரஸ், கால்ல செருப்பு, ஏன்னா வெறுங்காலோட ஈர மண்ணுல நின்னா கொக்கிப்புழு தோல் வழியாவே உள்ள போகும். முதல் வாரம் பத்து நிமிஷம்தான், கை மட்டும். ஒண்ணும் ஆகலன்னா அடுத்த வாரம் இருபது நிமிஷம், இப்ப முக்கால் மணி நேரம் வரைக்கும் விடறேன். ஃபின்லாந்துக் குழந்தைங்க மாதிரி அடிக்கடி படணும்ங்கறதுதான் கணக்கு, மாசத்துக்கு ஒருநாள் மூணு மணி நேரம் புரள விடுறதுல அர்த்தமில்ல.

முடிஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு பத்து நிமிஷம் குளியல். ஆன்டிசெப்டிக் வேண்டாம், நுரை பொங்குற சோப்பு வேண்டாம், அழுக்கு இருக்குற இடத்துக்கு மட்டும் மைல்டான க்ளென்சர். ஆனா கையை மட்டும் சோப்பு போட்டு நல்லா கழுவணும், சாப்பிடுறதுக்கு முன்னாடியும் பாத்ரூம் போய்ட்டு வந்தும் கழுவற பழக்கத்தை எந்த ஆராய்ச்சியும் விடச் சொல்லல. துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள மூணு நிமிஷத்துல மறுபடி மாய்ஸ்சரைசர். முதல் ஒரு மாசம் தினமும் அதே வெளிச்சத்துல முழங்கை மடிப்ப ஃபோட்டோ எடுத்து வெச்சேன், ஞாபகத்தை நம்புறதை விட அது எவ்வளவோ மேல். மண்ணு பட்ட மறுநாள் ரெண்டு மூணு தடவை தொடர்ந்து செவந்தா நிறுத்துங்க, தோல் அடங்குனதும் மண்ணை மாத்தி மறுபடி பாருங்க.

தடுப்பூசி கார்டை ஒருதரம் எடுத்து பாருங்க. மண்ணுல டெட்டனஸ் கிருமி இருக்கும், ஒன்றரை வயசு பூஸ்டரும் அஞ்சு வயசு பூஸ்டரும் போட்டிருக்கணும். பூச்சி மாத்திரை அங்கன்வாடிலயும் ஸ்கூல்லயும் வருஷத்துக்கு ரெண்டு தரம் குடுக்கறாங்க, விட்றாதீங்க. கொப்புளம் ஒரே மாதிரி ஊசி குத்தின குழி மாதிரி கூட்டமா கிளம்பி, வலியும் ஜுரமும் சேந்து வந்தா அது ஹெர்ப்பிஸ் வைரஸா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. மஞ்சப் பொருக்கு, நீர் வடியறது, தோல் சூடா வீங்கறது, இதுக்கும் மண்ணு விளையாட்டை நிறுத்திட்டு டாக்டர்தான்.

நிறைய பேர் என்கிட்ட கேக்கறதுக்கும் இங்கயே சொல்லிடறேன். நாய் வளக்கலாமான்னா, குழந்தை பொறக்கறப்பவே வீட்ல நாய் இருந்தா எக்ஸிமா கம்மின்னு பல ஆராய்ச்சில வந்திருக்கு, ஆனா வந்த பிறகு வைத்தியமா நாய் வாங்குறது சரியில்ல, ஒத்துக்கலன்னா பாவம் அந்த ஜீவனை எங்க கொண்டு விடுவீங்க. காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம். நல்ல பாக்டீரியா இருக்குற ப்ரோபயாடிக் பொடி, வந்துட்ட எக்ஸிமாவ பெருசா குறைக்கறதில்லன்னு 2018ல காக்ரன் அமைப்பு எல்லா ஆராய்ச்சியையும் தொகுத்து சொல்லிருச்சு, அந்த காசுக்கு மாய்ஸ்சரைசர் வாங்கிக்கலாம். வயித்துல இருக்குற ரெண்டாவது குழந்தைக்கு வராம தடுக்க பொறந்ததுலேர்ந்து க்ரீம் தடவலாமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. பிரிட்டன்ல 1,394 குழந்தைங்களை வெச்சு பாத்தது 2020ல வந்துச்சு, அப்படி தடவுனதுல எக்ஸிமா குறையல. வந்தப்புறம் போடறது வைத்தியம், அது வேற கணக்கு.

ஐப்பசி மழை புடிச்சா தொட்டியை பால்கனி உள்பக்கம் இழுத்து வெச்சிருவோம். அந்த ரெண்டு மாசம் வெளில தேங்குன தண்ணி, சேறு பக்கம் அவனை விடறதே இல்ல, எலிக்காய்ச்சல் கிருமியும் மெலியாய்டோசிஸ்ங்கற தொற்றுநோயோட கிருமியும் புண்ணு இருக்குற தோல் வழியா உள்ள போகும், எக்ஸிமா தோல்ல அதுக்கு வாசல் நிறைய. தை பொறந்ததும் பழைய மண்ணுல பாதிய செடித்தொட்டிங்களுக்கு தட்டிட்டு, அம்மா தோட்டத்துலேர்ந்து ஒரு சிப்பம் நல்லா மக்குன எரு குடுத்து விடுவாங்க, ரெண்டு நாள் வெயில்ல ஆற விட்டு, சலிச்சு, கல்லு முள்ளு பொறுக்கிட்டு மறுபடி நிரப்புவோம். பொறுக்குற வேலை இப்ப அவனோடது.